ஆமை போன வழிகள்

மெட்ராஸில் டி.வி. வந்த புதிதில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்காக ஒரு நிகழ்ச்சி வரும். துணியால் தைத்த ஒரு காக்கா, ஒரு சின்ன ஆமை, இரண்டோடும் பேசிக்கொண்டிருக்கும் ஓர் அக்கா. அவ்வளவுதான். அதற்கு ஒரு பெயர் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் குவார்ட்டர்ஸில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது காக்கா புரோகிராம். அன்றைக்குப் பிள்ளைகளாக இருந்து இன்றைக்குத் தலை நரைத்தவர்கள் அதைப் பற்றி உருகி உருகிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதன் பதிவு எதுவும் இப்போது கிடைக்காதாம். ஆகவே அவரவர் நினைவில் இருப்பதுதான் கதை. ஆமை நடுவில் என்ன ஆனது என்று கேட்டால் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்வார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் மட்டும் வேறு மாதிரி சொல்வார்கள். அவர்களுக்குக் கதை சொன்னது டி.வி. இல்லை. நான்.

என் பிறந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். கல்யாணம் ஆனபோது என் வீட்டுக்காரர் எண்ணூரில் ஒரு பட்டறையில் இருந்தார். பிறகு கும்மிடிப்பூண்டியில் முள்ளுக்காட்டை வெட்டி வரிசையாகக் கம்பெனிகள் கட்ட ஆரம்பித்தபோது, இரும்புக் கம்பி இழுக்கிற ஒரு கம்பெனியில் அவருக்கு ஃபிட்டர் வேலை கிடைத்தது. கூடவே குவார்ட்டர்ஸ். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடுகள், முன் வரிசை ஒன்று, பின் வரிசை ஒன்று. வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் துருப்பிடித்த நிறம் ஏறிவிடும். அதைப் பற்றி யாரும் குறைசொல்ல மாட்டார்கள். துரு பறந்தால் கம்பெனி ஓடுகிறது என்று அர்த்தம்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஐந்து வயது முடியவில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், அவள் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் அவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்று நடந்ததை எல்லாம் சொல்லி அவரைத் தூங்கவிட மாட்டாள். டி.வி. வருவதற்கு முந்திய வருஷம் அவளுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. முதலில் சளிக் காய்ச்சல் என்றார்கள். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன அன்று ரயில் வரத் தாமதம். ஸ்டேஷனில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரயிலில் ஏறுவதற்குள் அவளுக்குக் குரல் போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. என்னிடம் என்னவோ கேட்கிறாள் என்று தெரிந்தது. என்ன என்று கடைசிவரை தெரியவில்லை.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்த பிறகு, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். முன்னாடியே கூட்டிக்கொண்டு போயிருந்தால். கவரைப்பேட்டை டாக்டரிடம் காட்டியிருந்தால். கம்பெனி வேனைக் கேட்டிருந்தால். அவர்கள் ஆறுதலுக்காகத்தான் சொன்னார்கள். நான் பதில் சொல்வதை நிறுத்தினேன். கொஞ்ச நாளில் எதற்கும் பதில் சொல்வதில்லை என்று ஆனது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளிடம் மட்டும் பெரியவர்கள், 'அவ ஊருக்குப் போயிருக்கா' என்று சொல்லி வைத்திருந்தார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

அதற்கப்புறம்தான் டி.வி. வந்தது. கம்பெனியே ஒரு டி.வி. வாங்கி மனமகிழ் மன்றத்தில் வைத்தது. மன்றம் என்றால் கேரம் போர்டும் நாலு பெஞ்சும் இருந்த ஒரு நீள அறை. கதவு வைத்த மரப்பெட்டி, அதற்குள் டி.வி., அதற்கு ஒரு பூட்டு. மொட்டைமாடியில் தென்னைமர உயரத்துக்கு ஆன்டெனா. என் வீட்டுக்காரர் மன்றத்துக்குச் செயலாளர் என்பதால் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. சனிக்கிழமை அவருக்கு மதியம் ஷிஃப்ட். எனவே நான்தான் போய்த் திறக்க வேண்டும். பிள்ளைகள் ஓடி வந்து தரையில் உட்காருவார்கள். நான் பெட்டியைத் திறந்து, குமிழைத் திருகிவிட்டு, கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்து புடவை முந்தானையைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருப்பேன். நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

சில மாதங்களில் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. கரண்ட் வெட்டும் அதிகமானது. வேலை இல்லை, பாதிச் சம்பளம் என்று லே-ஆஃப் அறிவித்தார்கள். ஆண்கள் காலையில் கம்பெனி கேட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். கொடியில் துணி வெள்ளையாகவே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் டி.வி.யில் சத்தம் போனது. ஒரு நாள் கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது. படம் மட்டும் வந்தது. மெட்ராஸிலிருந்து மெக்கானிக் வர வேண்டும். கம்பெனி ஓடாதபோது மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்? சத்தமில்லாத சினிமாவைப் பார்க்கப் பெரியவர்கள் வரவில்லை. பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். அவர்களுக்குக் காக்கா அசைந்தால் போதும்.

அப்படி ஒரு சனிக்கிழமை பின்வீட்டுப் பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏழு வயது இருக்கும். அவள் அம்மா பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பெண். அப்பா எங்கள் கம்பெனியில் ஹெல்பர். என் மகளும் இவளும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த குழாயடியில்தான் நாள் முழுக்கக் கிடப்பார்கள்.

"அத்த, காக்கா இன்னா சொல்லுது?"

"எனக்கு இன்னா தெரியும்."

"வாயி அசையுதே. பாத்து சொல்லேன்."

அன்றைக்குத்தான் நான் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். காக்காவின் அலகு திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து, "சோறு ஆறிப்போச்சுன்னு சொல்லுது" என்று வந்துவிட்டது.

பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள். "ஆமை இன்னா சொல்லுது?" என்றான் ஒருவன்.

"ஆறினா இன்னா, நான் ஆறின சோறுதான் துன்னுவேன்னு சொல்லுது."

அவர்கள் சிரித்தார்கள். அப்படித் தொடங்கியது. அடுத்த வாரம் முதல் நான் சுவரோரத்திலிருந்து டி.வி. பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தேன். உண்மையில் அந்த நிகழ்ச்சியில் என்ன பேசினார்களோ தெரியாது. அக்கா எதையாவது எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினால் நான் அதை ரேஷன் கார்டு என்பேன். காக்கா தலையை ஆட்டினால் ஓவர்டைம் கேட்கிறது என்பேன். என் கதையில் காக்கா கம்பெனியில் வேலை செய்தது. அக்கா அவர்களுக்கு வீடு கொடுத்தவள். ஆமை வீட்டில் இருந்துகொண்டு காக்காவைத் தூங்கவிடாமல் பேசியது. அந்தப் பேச்சு எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் லே-ஆஃப் நாட்களில் லாரிக்கு லோடு ஏற்றக் கிடைத்தால் போவார், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பார். சனிக்கிழமை நான் சாவியை எடுக்கும்போது என் முகத்தைப் பார்ப்பார்.

பிறகு ஒரு வாரம் படத்தில் ஆமை வரவில்லை. காக்காவும் அக்காவும் மட்டும் இருந்தார்கள். ஆமை உட்காரும் இடத்தில் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அப்புறம் பாப்பா கேட்டாள்: "ஆமை எங்க அத்த?"

"ஊருக்குப் போயிருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள், "எந்த ஊருக்கு?" என்று பிடித்துக்கொண்டார்கள்.

ஆமைக்கு ஊர் எது? பாப்பாதான் அதற்கும் வழி சொன்னாள். "எங்க மாமா வலையில ஆமை மாட்டினா வலைய அறுத்து திருப்பி உட்டுருவாரு. அது கடலுக்குப் பூடும்." ஆக, ஆமை பழவேற்காட்டு ஏரி வழியாகக் கடலுக்குப் போனது என்று வைத்துக்கொண்டோம். அடுத்த வாரமும் ஆமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒவ்வொரு வாரமும் நான் அதை எங்கேயாவது நகர்த்த வேண்டியிருந்தது. ஒரு வாரம் அது வழி தவறி ஆந்திராவில் தடா பக்கம் போய்விட்டது. அங்கே தெலுங்கு கற்றுக்கொண்டு எல்லாரையும் நைனா, நைனா என்று கூப்பிட்டது. நான் பிறந்த ஊரில் பாதிப் பேச்சு தெலுங்கு என்பதால் எனக்கு அது சுலபமாக வந்தது. இன்னொரு வாரம் திரும்பி வரும்போது எல்லையில் எளாவூர் செக்போஸ்டில் பிடித்துக்கொண்டார்கள். முதுகில் ஓட்டைச் சுமந்துகொண்டு வருகிறாயே, இதற்குப் பர்மிட் எங்கே என்று கேட்டார்கள். "இது என் ஊடு, ஊட்டுக்கு எதுக்கு பர்மிட்டு" என்றது ஆமை. பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மன்றத்தின் ஜன்னல் பக்கமாகப் போன ஒரு பெண் நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போனாள்.

ஆனால் பிள்ளைகள் ஆமை எங்கே இருக்கிறது என்பதோடு நிற்கவில்லை. அது ஏன் போனது என்று தொடங்கினார்கள். முந்தைய வாரங்களை எல்லாம் திரும்ப எடுத்தார்கள்.

"காக்கா அன்னிக்குத் திட்டாம இருந்திருந்தா போயிருக்காது."

"அக்கா கதவ சாத்தி வெச்சிருந்தா?"

"ஆமைக்குப் பதிலா காக்கா போயிருந்தா இன்னா ஆயிருக்கும் அத்த?"

படத்தில் காக்கா தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். நாங்கள் அதை விட்டுவிட்டுப் பழைய கதைக்குள் போய்விடுவோம். சரி, கதவு சாத்தியிருந்தது என்று வைத்துக்கொள். ஆமை போகவில்லை. கம்பெனி ஸ்கூலில் சேர்ந்தது, படித்தது, காக்காவுக்கே சூப்பர்வைசராக வந்து உட்கார்ந்தது. காக்கா லேட்டாக வந்தால் சம்பளத்தைப் பிடித்தது. சரி, காக்கா போனது என்று வைத்துக்கொள். ஆமையும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்; இரண்டு பேருக்குமே பறக்கத் தெரியாது, போய்த் தேட முடியவில்லை. இந்தக் கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பெரியவர்கள் என் வீட்டுக்கு வந்து சொன்ன 'இருந்தால்' எல்லாம் எனக்கு முள்ளாக இருந்தது. இந்தப் பிள்ளைகளின் 'இருந்தால்' அப்படி இல்லை. எத்தனை கேட்டாலும் என்னால் சொல்ல முடிந்தது.

ஒன்றைத் தவிர. ஒரு பையன் கேட்டான்: "ஆமை ரயில்ல போச்சுன்னு வெச்சுக்கோ. வண்டி நேரத்துக்கு வந்திருந்தா?"

அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் அப்பா ரயில்வே கேட்டில் இருந்தவர், அவனுக்கு எல்லாமே ரயில்தான்.

"வண்டி நேரத்துக்கு வந்துச்சு" என்று தொடங்கினேன். "ஆமை ஏறுச்சு. ஜன்னல் பக்கம் சீட்டு. கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் எல்லாம் தாண்டிச்சு. பேசிக்கினே போச்சு. சென்ட்ரல்ல எறங்குச்சு." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். கரண்ட் போகப் போகிறது என்று சொல்லிப் பெட்டியை மூடினேன். திரும்பியபோது வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்: "அப்புறம் இன்னாச்சு?"

"எதுக்கு?"

"சென்ட்ரல்ல எறங்குச்சே. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் பாப்பாவைக் காணவில்லை. முதலில் குழாயடி, மன்றம், கம்பெனிக்குப் பின்னால் இருந்த குட்டை என்று தேடினார்கள். குட்டையில் ஆட்கள் இறங்கினார்கள். அவள் அம்மா கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலோரத்தில் வளர்ந்தவள், அழக்கூட இல்லை. எனக்கு என்னவோ தோன்றி என் வீட்டுக்காரரிடம், "செக்போஸ்ட் ரோட்டுல போய்ப் பாருங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்காமல் சைக்கிளை எடுத்தார்.

எளாவூருக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நிற்குமே, அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாளாம். ரோட்டோரமாக நடந்து போனவளை ஒரு டிரைவர் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்து கடையில் விட்டிருக்கிறான். "எங்க ஆமைய செக்போஸ்ட்ல புடிச்சி வெச்சிருக்காங்க, கூட்டிக்கினு போவ வந்தேன்" என்று சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் அதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தாராம். இருட்டுவதற்குள் அவளை சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். வழியில் அவள் அவரிடம், "உங்க ஊட்டுப் புள்ளையும் அங்கதான் கீறாளா மாமா?" என்று கேட்டதை அவர் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"லாரி சத்தத்துல கேக்கலன்னு சொன்னேன்."

மறுநாள் காலையில் பாப்பாவின் அம்மா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"யக்கா, உன் துக்கம் எனக்குத் தெரியும். அதுக்காக என் பொண்ண லாரி ரோட்டுல உட முடியாது."

"நான் போவச் சொல்லலம்மா."

"நீ போவச் சொல்லல. ஆனா வரும் வரும்னு வாரா வாரம் சொல்லிக்கினு கீற. அவ ரெண்டு பேருக்கும் காத்துக்கினு கீறா."

"ரெண்டு பேருக்கா?"

"இன்னாக்கா தெரியாத மாதிரி கேக்குற." அவள் குரல் இறங்கியது. "எங்க ஊர்ல கடலுக்குப் போனவன் வரலன்னா புள்ளைங்ககிட்டயும் சொல்லிருவோம். அழுதுட்டு சோறு துன்னும். சொல்லலன்னா கரையிலயே நின்னுக்கினு இருக்கும். நீயாச்சும் சொல்லு. எனக்கு சொல்ல வாய் வரல."

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. போய்விட்டாள்.

சனிக்கிழமை போய்ப் பெட்டியைத் திறந்தேன். காக்கா வந்தது. அக்கா வந்தாள். பூந்தொட்டி இருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

"செக்போஸ்ட்ல ஆமைய உட்டுட்டாங்க" என்றேன். "வர வழியில அதுக்குக் காய்ச்சல் கண்டுச்சு. செத்துப்போச்சு."

ரயில்வே கேட் பையன், "டாக்டர் இல்லையா?" என்றான்.

"இருந்தாரு. பாத்தாரு. ஆவல."

"முன்னாடியே போயிருந்தா?"

"தெரியாது கண்ணு. போனாலும் ஆயிருக்குமோ இன்னாமோ. தெரியாது."

பாப்பா கேட்டாள்: "பொதைச்சிட்டாங்களா?"

"பொதைச்சிட்டாங்க."

"உங்க ஊட்டுப் புள்ளைய மாதிரியா?"

"ஆமா" என்றேன்.

அதை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அழுதார்கள். பாப்பா அழவில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்தில் அக்கா கை தட்டிக்கொண்டிருந்தாள், காக்கா குதித்துக்கொண்டிருந்தது. நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. முடியும்வரை சத்தமில்லாமல் பார்த்தோம். எல்லாரும் போன பிறகு பாப்பா மட்டும் நின்று பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள், நான் பூட்டினேன்.

பிள்ளைகள் அடுத்த வாரம் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். ஆமை இல்லாத வீட்டில் காக்கா என்ன செய்கிறது என்று கேட்டார்கள். வேலைக்குப் போகிறது, வருகிறது, அக்கா சோறு போடுகிறாள், அதிகம் பேசுவதில்லை என்று சொன்னேன். சில வாரங்கள் அப்படிப் போயின. சிரிப்பு இல்லை. ஆனாலும் ஒரு மாதிரி நிம்மதி இருந்தது. என்னிடம் யாரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை படம் தெளிந்து வந்தபோது பூந்தொட்டி இல்லை. அந்த இடத்தில் ஆமை உட்கார்ந்திருந்தது. தலையை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. அக்கா அதைக் கட்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் மொத்தமாக என் பக்கம் திரும்பினார்கள்.

மெட்ராஸில் யாரோ அந்தப் பொம்மையைத் தைக்கக் கொடுத்திருப்பார்கள், தைத்து வந்திருக்கும். அல்லது அதை ஆட்டுகிறவர் லீவில் போய் வந்திருப்பார். என்னவோ. அவர்களுக்குத் தெரியுமா, கும்மிடிப்பூண்டியில் அதைப் புதைத்துவிட்டோம் என்று. திரும்பி வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளைகள் எழுந்து ஆடியிருப்பார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லக்கூடாது என்றும் தெரிந்தது. சொன்னால் பாப்பா மறுபடி ரோட்டில் போய் நிற்பாள்.

பாப்பா படத்துக்குப் பக்கத்தில் நகர்ந்து போய் உற்றுப் பார்த்தாள். "இது வேற ஆமை" என்றாள். "அதுக்கு முதுவுல கட்டம் பெருசா இருக்கும். இதுக்குச் சின்னச் சின்னதா கீது."

"ஆமாவா அத்த?" என்றான் ஒருவன்.

"ஆமா" என்றேன். "இது புதுசு."

"இது பேசுமா?"

"பேசாது."

அதற்குப் பிறகு நான் அந்த ஆமைக்குக் குரல் கொடுக்கவேயில்லை. அது எவ்வளவோ வாயசைத்தது.

மழைக்காலம் முடிந்தபோது கம்பெனியைத் திறந்தார்கள். ஃபிட்டர்கள், ஆபரேட்டர்களைக் கூப்பிட்டார்கள். ஹெல்பர்களில் பாதிப் பேரைக் கூப்பிடவில்லை. பாப்பாவின் அப்பா கேட்டில் போய் நின்று நின்று பார்த்துவிட்டுப் பழவேற்காட்டுக்கே திரும்புவது என்று முடிவு செய்தார். ஒரு மாட்டுவண்டியில் சாமானை ஏற்றினார்கள். பாப்பா பாய்ச்சுருளின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்றேன். அவள் என்னைப் பார்த்துக் கையாட்டவில்லை, பார்த்துக்கொண்டே போனாள்.

அந்த மாதமே மெக்கானிக் வந்து டி.வி.யைப் பிரித்துச் சரிசெய்தார். சனிக்கிழமை திறந்தபோது சத்தம் வந்தது. காக்காவுக்கு ஓர் ஆம்பளைக் குரல், தொண்டை கட்டின மாதிரி. அக்காவின் குரல் மெல்லியது, நான் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். புது ஆமை பேசியது. நிறையவே பேசியது. அக்கா அதை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அது பழைய ஆமையின் பெயராகத்தான் இருக்க வேண்டும்; காக்காவும் அதே பெயரைச் சொன்னது. பாட்டி வீட்டில் மாம்பழம் தின்ற கதையை ஆமை சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கொஞ்சம் குழப்பத்தோடு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று வாரத்தில் அது நின்றது. சத்தம் வந்த பிறகு பெரியவர்களும் வந்து பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சாவியை இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிட்டேன். அப்புறம் நான் மன்றத்துக்குப் போகவில்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் பாப்பாவின் அம்மா கருவாட்டுக் கூடையோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். தெரிந்த வீடுகளில் விற்றுவிட்டு, இந்தத் தடவை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். வெயிலில் முகம் கறுத்திருந்தது. பாப்பா ஸ்கூலுக்குப் போகவில்லை என்றாள். அங்கே ஸ்கூல் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது, படகு சில நாள் போகும், சில நாள் போகாது. தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், கருவாடு காய வைக்கும்போது நாய் வராமல் காவல் இருக்கிறாள்.

நான் ரொம்ப நாளாக நினைத்து வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அவ இங்க இருக்கட்டுமே. இந்த ஸ்கூல்லயே படிக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். கோபம் இல்லை.

"யக்கா, அவ உன் பொண்ணு இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சாலும் நீ அப்படித்தான் பாப்ப. அவளும் உன்ன அம்மாவாத்தான் நெனப்பா. அப்புறம் எனக்கு இன்னா மிச்சம்?"

கூடையில் மிச்சமிருந்த கருவாட்டை ஒரு காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு எழுந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். பொன்னேரி பஸ் கூட்டமாக வந்தது. கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவள் ஏறினாள், அப்புறம் கண்ணில் படவில்லை. அப்போது எனக்கு மூன்றாம் மாதம். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.